பொம்பிளைக் காரில் ஒயில்

அலோ... பைசரோ? கேளும். இந்த மன்னார் மண்ணில நம்பிக்கை எண்ட ஒண்டு இண்டைக்குக் காலமை எட்டரைக்குச் செத்துப்போச்சு...

ஆரெண்டோ? நான்தான், செல்வநாயகம். நில அளவைக் கந்தோர்ச் செல்வநாயகம்... ஓம்... ஓம், ஓம், கார் எஞ்சின் ஒயில்தான். திரும்பவும் ஒழுகுது.

சிரியாதையும்! இண்டைக்கு என்ன நாளெண்டு தெரியுமோ உமக்கு? சிவதர்சினிக்குக் கலியாணம். என்ட தங்கச்சிட பிள்ளை. எங்கட குடும்பத்தில அஞ்சு கலியாணப் பொம்பிளையள் என்ட இந்த ஒஸ்ரின் காரில ஏறித்தான் கோயிலுக்குப் போனவை. ஆறாவது ஏறமாட்டாளாம். அவளிட தேப்பன், அந்தத் தனஞ்சயன், வேற வாகனத்துக்குச் சொல்லிப்போட்டான். சனத்துக்கு முன்னால, "மச்சான், பட்டுச் சீலையில ஒயில் பட்டால் போகாது" எண்டு சொல்லுறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. துரோகம் செய்தது நீர்!

...ஓம், நீர்தான். பத்தொன்பது வருசம், பைசர்! உம்மட வீட்டு நோன்புக் கஞ்சி குடிக்காத வருசம் இருக்கோ? போன சனிக்கிழமை நீர்தானே எஞ்சின் மேல் மூடி ஒழுகாமல் புதுப் பெக்கிங் போட்டனீர்? "இனி ஒரு சொட்டு விழாது" எண்டீர். கொண்டச்சி ஊர் மட்டும் காரை ஓடிப்போட்டு வந்து, கீழ மட்டையை விரிச்சுக் காட்டினீர்...

ஓம்... ஓம், விழேல்லைத்தான். அண்டைக்கு விழேல்லை. அதுதானே துரோகம்! அண்டைக்கே ஒழுகியிருந்தால் அண்டைக்கே கேட்டிருப்பன்.

எங்கயிருந்து ஒழுகுதோ? கீழ இருந்தப்பா. ஒயில் மேலயோ ஒழுகும்?... ஓ, மேல இருந்து வழிஞ்சும் கீழ வருமோ... சரி, சரி, பொனட்டைத் திறக்கிறன். பொறும், பூமாலை கட்டிக் கிடக்கு...

திறந்தாச்சு. என்ன, துடைக்கவோ? பட்டு வேட்டியோட நிக்கிறனப்பா... ஓம், ஓம், துடைக்கிறன். மூடி ஓரம் முழுக்கத் துடைச்சாச்சு. இப்ப ஸ்ராட் பண்ணவோ?...

இல்லை, பெக்கிங்கில ஒண்டும் வரேல்லை. உலர்ந்துபோய்க் கிடக்கு. ஆனா பக்கத்தில ஒரு குழாய் இருக்கல்லோ, எஞ்சின் மூச்சு விடுற குழாய்... அதுக்குள்ளால நுரைச்சு நுரைச்சு வருது, சோடா மாதிரி... ஓம், முன்பக்க றப்பர்ச் சீலுக்குள்ளாலயும் கசியுது.

நிப்பாட்டியாச்சு. என்ன, ஒயில் அளக்கிற கம்பியோ? எனக்குக் கம்பி பார்க்கப் படிப்பிக்காதையும், பைசர். முப்பது வருசம் இந்த மாவட்டத்தை அளந்தவன் நான்... இழுத்தாச்சு. ரெண்டு கோடு இருக்கு. ஒயில் மேல் கோட்டைத் தாண்டி... தாண்டி... பிடிக்கிற வளையம் மட்டும் நனைஞ்சிருக்கு.

...

பைசர்? என்ன கேட்டனீர்?

...ஒயில் ஆர் விட்டதெண்டால்... நான்தான் விட்டனான். காலமை. ஒரு கான்... ஓம், நாலு லீற்றர்க் கான்தான். எல்லாத்தையும் இல்லை! கொஞ்சம் மிஞ்சினது.

ஏன் கத்துறீர்? சொல்லுறதைக் கேளும். கம்பியில ரெண்டு கோட்டுக்கும் நடுவில நிண்டுது. பாதி! நல்ல காரியத்துக்குப் பாதியோட வெளிக்கிடுறதோ? வாசலில நிறைகுடம் வச்சிருக்கு, தண்ணி விளிம்பு மட்டும். பொம்பிளை ஏறுற வாகனத்தில மட்டும் குறை இருக்கலாமோ? அதுதான் மூடியைத் திறந்து, வாய் மட்டும் தெரியத் தெரிய... உமக்கு எங்கட சம்பிரதாயம் விளங்காது!

...ஓ. உங்கட ஆக்களும் கலியாணத்துக்கு நிரப்பிக்கொண்டுதான் வெளிக்கிடுவினமோ? பாத்தீரோ!... பெற்றோலோ. ஓம். அது வேற.

...ஓம். ஓம், கூடினாலும் பிழைதான். அமுக்கம் கூடி வெளிய தள்ளும்... ஓம். விளங்குது. விளங்குதெண்டு சொல்லுறன்தானே.

பைசர்... அந்தத் துரோகம் எண்ட கதையைப் பெரிசா எடுக்காதையும். இன்னொண்டு. வாசலில நூறு பேருக்கு முன்னால உம்மட பேரைச் சொல்லித்தான் பேசினனான்... ஓம், கராச் பேரையும். கராச் உப்புக்குளத்திலதான் எண்டும் சொன்னனான்... சொல்லுறன், சொல்லுறன், எல்லாரிட்டயும் திருப்பிச் சொல்லுறன். நாளைக்கு.

இப்ப வழியைச் சொல்லும். அடியில இருக்கிற ஆணியைக் கழட்டி, ரெண்டரை லீற்றர் இறக்கிப்போட்டு, திரும்ப அளந்து... பத்து நிமிசத்தில முடியுமோ? முடியுமெண்டால் பிள்ளையை நானே ஏத்தலாம். உள்ளுக்குத் தலை சோடிச்சுக்கொண்டு இருக்கிறாள். சின்னனில இருந்து "மாமாட காரிலதான் போவன்" எண்டு சொன்ன பிள்ளை, பைசர். என்னை விட்டிட்டுப் போகமாட்டாள்...

பொறும். ஏதோ வாகனம் வருது.

சிவதர்சினி! பிள்ளை! பத்து நிமிசம், அம்மா! மாமாட கார் இப்ப சரி! ஒயில் கூடிப்போச்சு, அவ்வளவுதான்! தனஞ்சயன், கொஞ்சம் நில்லும், பைசர் லைனில நிக்கிறான், நீரே கேட்டுப்பாரும்... பிள்ளை!

...

ஏறிற்றாள்.

...ஓம், கேக்குது. நிக்கிறன். இல்லை, நீர் வரவேண்டாம்... திரும்பிப் பாக்கேல்லை. சிரிச்சுக்கொண்டு போறாள்... அவசரமாயிருக்கும். நல்ல நேரம் போயிடுமெல்லோ.

என்ன வாகனத்திலயோ? அது என்னத்துக்கு இப்ப உமக்கு?

...வைக்கிறன், பைசர்.

...ஓட்டோவில.