அம்புக்குறி விழுந்த கன்னம்

தோலைத் தொட்டுத் தொட்டே ஊரைத் தூக்கி நிறுத்திய ஆம்பூரின் கைகளுக்கு முதல் வணக்கம். தலைமையேற்று, ஒரு கண்ணை என் மீதும் மறுகண்ணைக் கடிகாரத்தின் மீதும் வைத்திருக்கும் மகளிர் சங்கத் தலைவி சவுரியம்மாள் அவர்களே, முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் பெரியோர்களே, ஷிப்ட் முடிந்து முகம்கூடக் கழுவாமல் வந்திருக்கும் என் தாய்மார்களே, உங்கள் ஞானசுந்தரி வணங்குகிறேன்.

செல்போனில் நல்ல படம் எடுப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். ஷூ கம்பெனியில், குவாலிட்டி பிரிவில், நாளெல்லாம் படம் பிடிப்பவள் நான். சரியென்று தலையாட்டிவிட்டேன். லென்ஸைத் துடையுங்கள். ஜூம் செய்யாமல் பக்கத்தில் போங்கள். வெளிச்சத்தைச் சாய்வாக வாங்குங்கள். இதுவரைக்கும் தெரியும். இதற்கு மேலே, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கே தலை சுற்றுகிறது.

ஏன் சுற்றுகிறது? என் அண்ணன் மகள் ஹெப்சி, பாகாயத்தில் நர்ஸ், அதோ மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாள். காட்பாடியிலிருந்து வரன் வந்தது. பையன் படத்தைப் பார்த்ததும் இவளுக்குப் பிடித்துப்போயிற்று. பெண்ணின் படம் கேட்டார்கள். “நீயே எடு அத்தை” என்றாள். ஜன்னலோரம் நிறுத்தினேன். எங்கே நிற்பது என்று காட்ட, பையிலிருந்த சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரைச் சுவரில் ஒட்டினேன். என் பிரிவில் கூடவே வேலை பார்க்கும் நசீமுன்னிசா, நீ சிரிப்பாய் என்று தெரியும். தோலில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட நாம் ஒட்டுகிற அதே அம்புதான்.

எடுத்துவிட்டுப் பார்த்தால், அம்பு நேராக அவள் இடக்கன்னத்தைக் காட்டுகிறது. சிறுவயதில் குக்கர் ஆவி பட்ட தழும்பு. சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு சுருக்கமும் தப்பவில்லை. “இன்னா ஞானம், பொண்ண ரிஜெக்ட் பண்றதுக்கா போட்டோ எடுத்த?” என்றாள் அண்ணி.

அதே போனில் அழகுபடுத்தும் வசதியைப் போட்டு அண்ணி ஒன்று எடுத்தாள். தழும்பு போயிற்று. கூடவே பாதி மூக்கும் போயிற்று. அதை அனுப்பும் அவசரத்தில் இரண்டு படத்தையும் சேர்த்து அனுப்பிவிட்டாள். இன்று மத்தியானம் பையனின் அம்மா கேட்டிருக்கிறார்: “உங்க வீட்ல ரெண்டு பொண்ணா? இதுல எங்க பையனுக்கு யாரு?”

இதற்கு என்ன பதில் சொல்ல? குறையைக் காட்டுவது நல்ல படமா? குறையை மறைப்பது நல்ல படமா? கம்பெனியில் மறைத்தால் என் வேலை போகும். வீட்டில் காட்டினால் இவள் கல்யாணம் போகும். எந்தக் கையால் எந்தப் படத்தை எடுப்பது, என் தாய்மார்களே?

என்னம்மா அங்கே? “தூரமா நிக்க வெச்சி எடு” என்கிறீர்களா? எவ்வளவு தூரம், வாணியம்பாடி வரைக்குமா?

ஹெப்சி, நீ எங்கே எழுந்து வருகிறாய்? இரு, பேசிக்கொண்டிருக்கிறேன்.

மன்னிக்க வேண்டும் தலைவி அவர்களே, மேடைக்கே வந்துவிட்டாள். “இங்கயே ஒண்ணு எடு அத்தை. இவங்கல்லாம் பின்னாடி தெரியட்டும்” என்கிறாள். சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்வாகத்தான் வருகிறது. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு கண்ணு. திரும்பமாட்டாளாம். தழும்பு இருக்கும் கன்னத்தையே வெயிலுக்குக் கொடுக்கிறாள். சிரிக்க வேறு சிரிக்கிறாள்.

எடுத்துவிட்டேன். போனை என் கையிலிருந்து வாங்கி அவளே அனுப்புகிறாள். கீழே என்னம்மா எழுதினாய்? சத்தமாகப் படி, எல்லாரும் கேட்கட்டும்.

“ஒரே பொண்ணுதாங்க. நான்தான்.”

பதில் என்ன வரும்? எனக்குத் தெரியாது. நல்ல படம் எது? அதுவும் இன்னும் விளங்கவில்லை. ஆனால் இந்தப் படத்தில் அவளுக்குப் பின்னால் நீங்கள் அத்தனை பேரும் இருக்கிறீர்கள். ஆகவே பதில் வரும்வரை யாரும் எழுந்து போய்விடாதீர்கள் என்று கேட்டு, இடம் தந்த சங்கத்துக்கும் இவளுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் நன்றி சொல்லி, வணங்கி நிற்கிறேன்.