ராத்திரி காய்ச்சல் வந்தால்

குளச்சலில் இருந்து நாகர்கோவில் போகும் பேருந்து. எனக்கு முன்னிருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் மடியில் கைக்குழந்தை தூங்கியது. இளையவள் மடியில் மடிக்கணினிப் பை.

“ஏட்டி, எனக்க பிள்ளைய உனக்க தடுப்பூசி ஆராய்ச்சியில எழுதிராத” என்றாள் மூத்தவள்.

இளையவள் சட்டென்று திரும்பினாள். “ஏன்க்கா? இவனுக்குத் தடுப்பூசி போடலியா?”

“இந்த மாசத்துக்குள்ளது போடல.”

“பிள்ளைகளுக்க சுகாதாரம்தான் எனக்க வேலையே. நீயே இப்பிடிச் செய்யலாமா?”

“ஊசி போட்டா ராத்திரி காய்ச்சல் வரும். உனக்க அத்தான் கடல்ல கெடக்காவ. பிள்ளைக்கு ஜன்னி வந்தா, ஒத்தையில நான் எப்பிடி ஆஸ்பத்திரிக்கு ஓட? அவிய கரைக்கு வரட்டும், போடுவேன். எங்க தெருவுல எல்லாவளும் அப்பிடித்தான்.”

“எல்லாருமா?”

“நீ வந்து கேட்டியே, ஒருத்தியும் சொல்லலியா?”

இளையவள் குரல் இறங்கியது. “ஊசின்னா பயமான்னு கேட்டேன். ஆமான்னு சொன்னாவ. எதுக்குப் பயம்னு கேக்கல. அறிக்கையில அறியாமைன்னு எழுதிட்டேன். கூட்டம் போட்டு விளக்கணும்னும் எழுதிட்டேன்.”

“கூட்டம் போட்டா காய்ச்சல் வராதா?”

“அக்கா, வாற புதன்கிழமை இவனுக்கு ஊசி போடு. ராத்திரி நான் வந்து கூடக் கெடக்கேன்.”

“எனக்கு நீ உண்டு. அடுத்த வீட்டுக்காரிக்கு?”

இளையவள் கைபேசியை எடுத்தாள்.

“சார், நம்ம அறிக்கையில ஒரு திருத்தம் உண்டு. இன்னும் அனுப்பலியே?”

மறுமுனையில் என்ன சொன்னார்களோ தெரியவில்லை.

“சென்னைக்குப் போயாச்சா?” என்று மட்டும் கேட்டாள்.