நாடா போதும், துணி வேணாம்

அந்தத் துணி மட்டும் வேணாம் தம்பி. வரிசைக்குக் கம்பம் குடுங்க, நடுவுல இழுத்து மாட்டற நாடா குடுங்க. நாடாவுல பிரபாவதி பாத்திரக் கடைன்னு எம்பேரப் பெருசா அடிங்க. கம்பத்துத் தலையில போர்டு மாட்டி, குக்கர் தள்ளுபடி கூடப் போட்டுக்கலாம். தரை வரைக்கும் தொங்கற அந்த விளம்பரத் துணி வேணாம்.

இலவசமாவா? குக்கர் கம்பெனிக்காரனே குடுக்கறானா? இருக்கட்டுங்க. அவம்பேரயும் நாடாவுலயே அடிச்சுக்கச் சொல்லுங்க.

இங்க மைன்ஸ் கரித்தூசிங்க. நீங்க கடலூருக்காரரு, ஒங்களுக்குத் தெரியாது. காலையில வெள்ள வேட்டி காயப்போட்டா, சாயங்காலம் கரி வேட்டிதான் எடுக்கணும்.

தொடச்சாப் போயிடுமா? எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்கீங்க. பொழைக்கத் தெரிஞ்ச புள்ளதான்.

வரிசையே வேணாங்கல. மைன்ஸ்ல போனஸ் போட்டுட்டா மந்தாரக்குப்பமே எங்க கடையிலதான் நிக்கும். ஷிப்ட் முடிஞ்ச கையோட பூட்ஸு காலோட வந்துடுவாங்க. எங்க வூட்டுக்காரரு கயிறு கட்டுவாரு, நான் அவுத்துடுவேன். வருஷாவருஷம் இதே சண்டை. அதான் ஒங்களக் கூப்ட்டாரு.

கம்பத்தத் தள்ளுங்க, பாப்போம். ஆங். நாடா கழண்டுக்குதுல்ல? பொம்பள ஒருத்தி கீழேருந்து தள்ளினாலும் கழண்டுக்குமா? எங்க, ஒக்காந்து தள்ளிக் காட்டுங்க.

சிரிக்காதீங்க. எதுக்குக் கேக்கறேன்னா, எந்தங்கச்சி ஒருத்தி இருந்தா, இசைப்பிரியான்னு. நிச்சயம் பண்ணியிருந்தோம். வெளியூர்ல ஒரு ஜவுளிக்கடை தொறப்பு விழா, மொதல்ல வர்றவங்களுக்குப் பட்டுப்பொடவ சும்மான்னு சொன்னான். கூட்டிகினு போனேன். இரும்புக் குழாய்த் தடுப்பு. அதும்மேல தரை வரைக்கும் ப்ளெக்ஸ இழுத்துக் கட்டியிருந்தான். அந்தப் படத்துல நக போட்ட கல்யாணப் பொண்ணு சிரிச்சுகினு இருந்தா. எந்தங்கச்சி உள்ள வரிசையில நின்னா. நான் நடை பழகற எம்பொண்ணக் கையில புடிச்சுகினு வெளிய அந்த ப்ளெக்ஸு நெழல்ல நின்னேன்.

கதவத் தொறந்தான். பின்னால நின்னதெல்லாம் முண்டியடிச்சுது. எந்தங்கச்சி தடுப்போரமா வுழுந்துட்டா. மேல ஏறிப் போனவங்களுக்குக் கீழ யாரு கெடக்கறான்னு தெரியல. வெளிய நின்ன எனக்கு ப்ளெக்ஸு மறச்சுடுச்சு. பாட்டு வேற அலறிகினு இருந்துச்சு, அவ கத்தினது கேக்கல. எடுக்கும்போது உசுரு இல்ல.

இல்ல தம்பி, நீங்க என்னா பண்ணுவீங்க. ஒங்கள ஒண்ணும் சொல்லல.

அவ செத்துட்டான்றதக்கூட மனசு ஒத்துக்கிச்சு. இன்னொண்ணுதான் தூங்கவுட மாட்டேங்குது. எங்க வூட்டுக்காரருக்கே சொன்னதில்ல. உள்ள கூட்டம் முண்டியடிக்கறப்ப, நான் வெளிய நின்னுகினு இருந்தேன்ல, அப்ப என் மொழங்கா ஒசரத்துல ப்ளெக்ஸு புடைச்சுது. அடங்குச்சு. மறுபடியும் புடைச்சுது. எம்பொண்ணுக்கு ஒரே சிரிப்பு. புடைக்கப் புடைக்க அந்த எடத்துல கையால தட்டுது. பாரு பாப்பா, காத்து நம்மகூட வெளையாடுதுன்னு சொல்லி, நானும் குனிஞ்சு ரெண்டு தட்டு தட்டினேன்.