தபால் பெட்டிகளுக்கு எதிரே நீல வண்டியை ஓட்டியவர் குறித்து

பெயர்: டெலனி ரே ஹட்டோ. வயது: பதினேழு. தாயார்: ஷெர்ரி ஹட்டோ, விடுதியில் அறைகள் சுத்தம் செய்பவர். முகவரி: எண் 14, பைன் ஸ்பர் டிரெய்லர் குடியிருப்பு, நெடுஞ்சாலைக்குத் தெற்கே, ஃபுளோரிடா. படிப்பு: ஒன்பதாம் வகுப்பு. தொழில்: வீட்டுத் துணை வேலை.

நான் மேற்படி முகவரியில் என் அம்மாவுடன் வசித்து வருகிறேன். ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்குக் குரல் வராது. அதனால்தான் பள்ளியை விட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் விட்டபோது நிம்மதியாக இருந்தது. கடந்த ஆண்டு முதல் லேக் கொர்டீலியா முதியோர் நகரில் வெண்டல் கோசாக் என்பவர் வீட்டில் வேலை செய்து வருகிறேன். அவருக்கு எண்பத்திரண்டு வயது. ஒஹாயோவில் டயர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. சமைப்பது, துணி துவைப்பது, மாத்திரை எடுத்துக் கொடுப்பது, காலுறை மாட்டிவிடுவது, கூடவே வெளியே போய் வருவது ஆகியவை என் வேலை. பதினெட்டு முடிந்ததும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் பயிற்சியில் சேர இருக்கிறேன். காவல் துறையில் பெயர் பதிவானவர்களை அங்கே சேர்த்துக்கொள்வதில்லை.

சென்ற குளிர்காலத்தில் வெண்டல் சாருடைய கார் உரிமத்தை ரத்து செய்தார்கள். கண் பார்வைதான் காரணம் என்று சொன்னார்கள். அதன் பிறகு அவர் காரை விற்று, பதினைந்து வருடமாக வைத்திருந்த மேற்கூரையுடன் பக்கங்கள் திறந்த பழைய பெட்ரோல் கோல்ஃப் வண்டியையும் கடையில் கொடுத்துவிட்டு, மின்சாரத்தில் ஓடும் புதிய கோல்ஃப் வண்டி ஒன்றை வாங்கினார். நீல நிறம். இந்த நகரில் கார் உரிமம் போனவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். பெரியவர்கள் அடையாள அட்டை இருந்தால் கோல்ஃப் வண்டி ஓட்டலாம், பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்கள் உரிமம் இல்லாமல் ஓட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். எனக்கு உரிமம் கிடையாது. நான் அந்த வண்டியில் எப்போதும் வலது பக்கம், ஓட்டாதவர் இடத்தில்தான் உட்காருவேன்.

வண்டி வந்த அன்று ஒஹாயோவில் இருக்கும் அவருடைய மகள் தொலைபேசியில் பேசினார். "அப்பா, இந்த வண்டியால ஒரே ஒரு வம்பு வந்தாலும் வீட்டை வித்துட்டு உங்களை இங்க முதியோர் இல்லத்துல கொண்டு வந்து சேர்த்துடுவேன், சொல்லிட்டேன்" என்றார். வெண்டல் சார் சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டு, வண்டியைத் துடைக்கத் துணி கேட்டார்.

பழைய வண்டியை நிறுத்தினால் பிரேக்கை மிதித்துப் பூட்ட வேண்டும். கிளம்பும்போது வேக மிதியை ஒரு தட்டுத் தட்டினால் 'டக்' என்று சத்தம் கேட்டுப் பூட்டு விடுபடும். இன்ஜின் பிடித்து வண்டி நகர ஒரு மூச்சு நேரம் ஆகும். அதற்குள் காலை எடுத்துவிடலாம். இங்குள்ள ஆண்கள் எல்லோருக்கும் இது பழக்கம். வண்டியில் ஏறி, மிதியைத் தட்டி, டக் என்ற சத்தத்தைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு திரும்பி உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்கள். புதிய வண்டியில் அந்தப் பூட்டே இல்லை. காலை எடுத்தால் தானாக நிற்கும், மிதித்தால் உடனே போகும். சத்தம் எதுவும் வராது. கடைக்காரர் இதை இரண்டு தடவை சொன்னார். வெண்டல் சார் தலையாட்டினார். ஆனால் அவர் கால் தட்டிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் நான் பக்கத்தில் இருந்து, "சார், இதுல பூட்டு இல்ல" என்று சொல்லி வந்தேன். அவர், "ஆமாமா, இது பணக்கார வண்டி, மறந்துட்டேன்" என்பார்.

கடந்த செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். நாங்கள் இருவரும் வெண்டல் சார் தெருவுக்கும் பின் தெருவுக்குமான பொதுத் தபால் பெட்டிகள் இருக்கும் கொட்டகைக்குக் கடிதம் எடுக்கப் போனோம். அங்கே லோர்னா பெக்வித் மேடம் தன் நாயுடன் நின்றிருந்தார். எழுபத்தொன்பது வயது, பின் தெருவில் தனியாக இருப்பவர். வெண்டல் சார் வண்டியை நிறுத்தி இறங்கியதும் அவர், "ஏன் வெண்டல், உன் வண்டி பூனை மாதிரி வந்து நிக்குது? ஒரு சத்தம் கிடையாது. என் வீட்டுக்காரரும் கடைசி காலத்துல இப்படித்தான் பின்னாடி வந்து நிப்பாரு, சமையல்கட்டுல என்ன தின்னுட்டிருக்கேன்னு பார்க்க" என்றார். அதற்கு வெண்டல் சார், "நீ பேசற சத்தத்துல விமானம் இறங்கினாக்கூடக் காதுல விழாது, வண்டியைக் குத்தம் சொல்ற" என்றார். இருவரும் சிரித்தார்கள். அதன் பிறகு வெண்டல் சார் வெயிலாக இருக்கிறது என்று சொல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். நான் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். சாவி மாட்டிக்கொண்டதால் தாமதமானது.

லோர்னா மேடம் கையிலிருந்த தள்ளுபடிச் சீட்டுகள் கீழே விழுந்தன. அவற்றைப் பொறுக்க அவர் வண்டிக்கு முன்னால் குனிந்தார். அப்போது வெண்டல் சார் மிதியைத் தட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தலையைச் சாய்த்து அந்த டக் சத்தத்துக்காகக் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. சத்தம் வராததால் இன்னும் அழுத்தி மிதித்தார். வண்டி பாய்ந்தது. லோர்னா மேடம் விழுந்தார். முன் சக்கரம் அவர் தொடை மேல் ஏறி நின்றது. அவர் கத்தவில்லை. நாய்தான் கத்தியது.

நான் ஓடினேன். வெண்டல் சார் இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். நான் அவரைத் தோளால் வலது பக்கம் தள்ளிவிட்டு, அவர் இடத்தில் உட்கார்ந்து, பின்னால் போகும் விசையைப் போட்டு, வண்டியை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தேன். நான் அந்த வண்டியை ஓட்டியது அந்த ஒரு தடவைதான். அதன் பிறகுதான் பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவர்கள் பார்த்தபோது ஸ்டியரிங் என் கையில் இருந்தது. கொட்டகைக்கு எதிர்வீட்டு ஹார்லன் பீச்சம் சார், "ஐயோ, பொண்ணே, என்ன காரியம் பண்ணிட்ட!" என்றார். நான் இறங்கி லோர்னா மேடத்திடம் ஓடினேன்.

ஆம்புலன்ஸ் போன பிறகு காவல் அதிகாரி வந்தார். வண்டியை நீ ஓட்டினாயா என்று கேட்டார். சுற்றிலும் இருபது பேர் நின்றிருந்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுதிக்கொண்டார். வெண்டல் சாரிடம் கேட்டதற்கு, "நான் உட்கார்ந்திருந்தேன், உட்கார்ந்துதான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னார். அவர் வயதைப் பார்த்து அதற்கு மேல் அவரை யாரும் கேட்கவில்லை. லோர்னா மேடத்துக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்றும், இனி நடப்பது கடினம் என்றும் மாலையில் தெரிய வந்தது.

மறுநாள் காலையிலேயே பீச்சம் சார் வந்தார். அவர் மனைவி கொடுத்தனுப்பிய எலுமிச்சை கேக்கைக் கொண்டுவந்தார். என்னைப் பின் வாசலுக்கு அழைத்து, தாழ்ந்த குரலில், "இங்க பாரும்மா, நேத்து ராத்திரி என் வீட்டுக்காரி ஒரு விஷயம் சொன்னா. வண்டி மோதினப்ப அவ ஜன்னல்லதான் நின்னாளாம். யார் ஓட்டினதுன்னு அவளுக்குத் தெரியும். இப்ப எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதோட நிக்கட்டும்" என்றார். நான் கேக்கை வாங்கி வைத்தேன். "நீ சின்னப் பொண்ணு. உன் மேல வந்தா வந்த வேகத்துல போயிடும். அவர் மேல வந்தா அவரோட போகாது. கண்ணு சரியா, காது சரியான்னு எங்க எல்லாரையும் வரிசையா நிறுத்துவாங்க. வண்டி போச்சுன்னா எங்களுக்கு என்ன மிச்சம், சொல்லு? ஜன்னலும் டிவியும்தான்" என்றார். நான் பயிற்சியில் சேர வேண்டும் என்று சொன்னேன். அது அவருக்குக் கேட்கும்படி சொன்னேனா என்று தெரியவில்லை. அவர் என் தலையில் கை வைத்து, "நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றும் அதற்கு அடுத்த நாளும் அந்தத் தெருவில் எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரங்கள் மேசை நிறைய இருந்தன.

நான் இப்படியே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அம்மா இரண்டு வேளை வேலை முடித்து வந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறவர். வெண்டல் சார் தனியாக இருக்கும்போது என்னிடம் நேராகக் கேட்பார், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். வியாழக்கிழமை காலை முட்டையும் ரொட்டியும் வைத்தபோது அவர் என் கையைப் பிடித்தார். "டெல், நீ சாப்பிடவே மாட்டேங்கறியே. விடும்மா. வண்டின்னா அப்படித்தான். யாருக்கும் நடக்கும். நான் உன்னைக் கோவிச்சுக்கலை" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் விளையாடவில்லை. நடிக்கவும் இல்லை. எல்லோரும் சொல்லிச் சொல்லி அது அவருக்கு அப்படியே நடந்ததாகிவிட்டது. நான் காபியை ஊற்றினேன்.

இன்று வெள்ளிக்கிழமை காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வண்டிக் கொட்டகையில் ஏதோ உடையும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். வெண்டல் சார் வண்டிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பியைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். வண்டியின் முன்பக்கம் சுவர் அலமாரியில் முட்டியிருந்தது. பெயின்ட் டப்பாக்கள் விழுந்து தரையெல்லாம் வெள்ளையாக ஓடியது. அவர் கால் இன்னும் மிதியின் மேல் இருந்தது. நான் கதவருகே, துண்டைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "பரவால்ல, பரவால்ல, பயப்படாத. உனக்கு இன்னும் பழகலை, அதான்" என்றார்.

அவர் லோர்னா மேடத்தைப் பார்க்க மருத்துவமனை வரை வண்டிப் பாதையில் போகக் கிளம்பியிருந்தார். அந்தப் பாதை பள்ளிக்கூடப் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிப் போகிறது. நான் வண்டியின் சாவியை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு பெயின்டைத் துடைத்தேன். துடைத்து முடிக்கும்வரை அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "உனக்கு மனசுல உறுத்துது, எனக்குத் தெரியுது. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம் வா. சொல்லிட்டா பாரம் இறங்கிடும். நானும் கூட வரேன், ஒருத்தனும் உன்னைத் திட்டாம பார்த்துக்கறேன்" என்றார். பீச்சம் சாரைத் தொலைபேசியில் அழைத்து அவர் வண்டியில் இந்தக் காவல் நிலையத்துக்கு என்னை அழைத்து வந்தவர் வெண்டல் சார்தான். இறங்கும்போது பீச்சம் சார் என்னைப் பார்த்து, "பார்த்துப் பேசும்மா" என்றார். நான் வரும் வழியில் அழைத்ததன் பேரில் அம்மா வேலையிலிருந்து சீருடையோடு வந்து, நான் இதைச் சொல்லும்போது என் அருகில் இருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை தபால் பெட்டிகளுக்கு எதிரே லோர்னா பெக்வித் மேல் மோதியபோது வண்டியை ஓட்டியவர் வெண்டல் கோசாக். நான் பின்னுக்கு எடுக்க மட்டுமே ஓட்டினேன். அன்று அதிகாரி கேட்டபோது நான் தலை குனிந்தது ஆம் என்பதற்காக அல்ல. வண்டியின் சாவியை இத்துடன் ஒப்படைக்கிறேன். அவருடைய மகளின் தொலைபேசி எண்ணையும் கொடுத்துள்ளேன். மதியம் இரண்டு மணிக்கு அவருக்கு இரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வேண்டும், அதை அவர் தானாக எடுக்கமாட்டார் என்பதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வெண்டல் சார் இப்போது வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நான் வெளியே போனதும், எல்லாத்தையும் உள்ளபடி சொல்லிட்டியாம்மா என்று கேட்பார். சொல்லிட்டேன் சார் என்று சொல்வேன்.

நான் சொன்னது சொன்னபடி எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. கேட்டுக்கொண்டேன். இதில் இருப்பது நடந்தது. யாரும் சொல்லிக் கொடுத்து நான் சொல்லவில்லை.

(ஒப்பம்) டெலனி ரே ஹட்டோ
உடனிருந்தவர்: (ஒப்பம்) ஷெர்ரி ஹட்டோ, தாயார்