சிமெண்ட் பூசிய படகு

வீட்டில் வைத்துப் படகைப் பழுது பார்க்க நினைப்பவன் முதலில் தன் வாசலை அளந்து பார்க்க வேண்டும். நான் அளக்கவில்லை. பழைய மீன்பிடிப் படகு வண்டியில் வந்து நின்ற பிறகு, கொல்லைச் சுவரை இடித்துத்தான் உள்ளே கொண்டுபோனோம். இடித்தவன் என் தம்பி. கொத்தனார். "அண்ணே, கட்டினதும் நான்தான், இடிக்கிறதும் நான்தான்" என்று சிரித்தான். நல்லவன், ஐயா. அதை நான் மறுக்கவில்லை.

துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கினேன். முதுகு கைவிட்டுவிட்டது. படகு மிதந்தால் மீன். இல்லாவிட்டால் மறுபடி மூட்டை. எனக்கு இருந்த வழி அவ்வளவுதான். இரண்டு வருஷத்தில் உளுத்த பலகைகளை மாற்றினேன். பாய்மரம் நட்டுக் கயிறுகளை இழுத்துக் கட்டினேன். பாயை நானும் மனைவியும் சேர்ந்து தைத்தோம். மிச்சம் பலகை இடுக்குகள்தான். அவற்றில் பஞ்சுத் திரியை வைத்து, உளிமேல் கொட்டாப்புளியால், அதாவது மரச் சுத்தியலால், அடித்து இறுக்க வேண்டும். தண்ணீரில் விட்டால் மரம் ஊறிப் பருக்கும். பஞ்சு நசுங்கி இடம் கொடுக்கும்.

அந்த நேரம் பார்த்து முதுகு படுத்தியது. பத்து நாள் ஆஸ்பத்திரி. திரும்பியபோது படகு நீல வர்ணத்தில் பளபளத்தது. "இடுக்கெல்லாம் அடைச்சாச்சு. தண்ணில விடுற வழியப் பாரு" என்றான் தம்பி. கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் இறக்கினோம்.

மூன்றாம் நாள் காலை படகுக்குள்ளே ஏதோ முறிந்தது. விலாச் சட்டங்கள் இரண்டு பிளந்திருந்தன. இடுக்கில் வர்ணத்தைச் சுரண்டினால், சிமெண்ட்.

தம்பி டீயோடு வந்தான்.

"ஒரு சொட்டு உள்ள வந்துச்சா, சொல்லு. நான் பூசினா பூசினதுதான்."

"இத ஏன்டா பூசினே?"

"நீ பஞ்ச வச்சுக்கிட்டு ஆயுசு பூரா தட்டிக்கிட்டு இருப்பே. சரி, அண்ணன் வந்து பாத்து அசந்து போகட்டும்னுதான். உன் முதுகையும் காட்டு, அதுக்கும் ஒரு பூச்சு போட்டுடறேன்."

அது வேடிக்கைப் பேச்சு என்று புரிந்தது. கோபம் வரவில்லை. சட்டத்தைத் தட்டிப் பார்க்க எடுத்த கொட்டாப்புளி கையிலேயே இருந்தது. பஞ்சு அடிக்கும்போது வெற்றுச் சத்தம் போய்க் கெட்டிச் சத்தம் வரும். அங்கே நிறுத்த வேண்டும். அவன் தலையில் அடிக்க அடிக்கச் சத்தம் ஈரமாகிக்கொண்டே போனது. கெட்டிப்படவே இல்லை. அதனால் நான் நிறுத்தவில்லை.

மனைவி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "விடுங்க, வெறும் மரந்தானேங்க" என்றாள். கூடவே உட்கார்ந்து பாய் தைத்தவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்கு இரண்டு அடி போதுமாக இருந்தது.

இருவரையும் கொன்றது நான்தான். வேறு யாரையும் தேட வேண்டாம். பிறகு உளியால் சிமெண்டைப் பெயர்க்க உட்கார்ந்தேன். நீங்கள் வந்தபோது ஒரு பலகை நீளம்தான் முடிந்திருந்தது. மீதியை யாரிடமாவது கொடுத்தால், நிதானமான ஆளாகப் பார்த்துக் கொடுங்கள். அவசரக்காரன் கையில் அந்த மரம் தாங்காது.