மூணாவது ஏறாத வண்டி

— நீ ஓட்டுனா மூணாவது கியர் ஏறுது, நான் ஓட்டுனா ஏறல. அப்ப கோளாறு வண்டியில இல்ல மச்சான், என் ராசியில இருக்கு. ஓரங்கட்டிட்டேன் பாரு. அந்தக் கக்கத்துக் கட்டைய எடுத்துக் குடு, எறங்கிக்கறேன். நீயே ஓட்டு.

— ராசியாவது ஒண்ணாவது. செத்த பொறு மாமா, லேப்டாப்ப பாத்துக்கிட்டிருக்கேன்ல.

— கடலூர் ஓல்டு டவுன்ல கெளம்புனதுலேர்ந்து அத்தத்தான் பாத்துக்கிட்டிருக்க செம்பியா. புதுச்சத்திரம் வந்தாச்சு. ரெண்டாவதுலயே கத்திக்கிட்டு வருது, மூணாவதுக்கு ஏற மாட்டேங்குது. இதே நம்ம பஸ்ஸா இருந்தா இந்நேரம் சிதம்பரத்துல ஆள எறக்கிட்டு டீ குடிச்சிருப்பேன்.

— பஸ்ஸுக்கு கியர் மாத்த நீ இருந்த. இதுல கம்ப்யூட்டருதான் மாத்தணும். பழைய காண்டசா காரு பாடி, ஜப்பான் எஞ்சின், அதுக்கு மேல டர்போ, வேற ஒரு வண்டியோட ஆட்டோ கியர்பாக்ஸு. எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு பேச வைக்கறதுக்குள்ள எனக்கு தலையே நரைச்சிருச்சு. தானே புயல்ல ஷெட்டு கூரை பறந்தப்பகூட இந்த கியர்பாக்ஸத்தான் கட்டிப் புடிச்சிக்கிட்டு கெடந்தேன்.

— நான் கேட்டனா? எடது கால் செத்தவனுக்கு எதுக்குடா காருன்னுதான சொன்னேன்.

— கிளட்ச்சே கெடயாது, வலது கால் ஒண்ணு போதும்னு நான் சொன்னேன். இப்பவும் சொல்றேன். கொளஞ்சியப்பன் டிரைவர்னா இந்த ரூட்டுல தெரியாதவன் யாரு? வீட்டு மூலையில ஒன்னய பாக்க எனக்குப் புடிக்கல மாமா.

— பெண்ணாடத்துல வெளக்கில்லாம நின்ன கரும்பு டிராக்டர்ல பஸ்ஸ வுட்டேன் பாரு, அன்னைக்கே இந்தக் காலோட அந்தக் கொளஞ்சியப்பன் டிரைவரும் செத்துட்டான். நீதான் வுடாம தோண்டி எடுக்கற. ரைட்டு, கேட்டுக்க. சிதம்பரம் போறதுக்குள்ள மூணாவது ஏறணும். ஏறலன்னா சாவிய ஒன் கையில குடுத்துருவேன். அப்புறம் எந்த டிரைவர் சீட்லயும் ஒக்கார மாட்டேன். சத்தியம்.

— சத்தியம்லாம் எதுக்கு மாமா? ஆயில் மாத்தியாச்சு. எஞ்சின் மாத்துனதுல, நீ எவ்ளோ ரேஸ் குடுக்கறன்னு கியர் கம்ப்யூட்டருக்கு தெரியலியோன்னு புது ஒயரும் இழுத்தாச்சு. காலையில நான் ஓட்டுறப்ப நாலு கியரும் வழுக்கிக்கிட்டு ஏறுச்சு. நீ ஒக்காந்தா மட்டும் ஏன் மக்கர் பண்ணுதுன்னுதான் புரியல.

— தோ, ஒங்கக்கா வரா ஸ்கூட்டியில. மூஞ்சப் பாத்தா திட்டத்தான் வரா.

— ஏங்க, என்னா ஓட்டு ஓட்டுறீங்க? பின்னாடி ஒருத்தி வராளேன்னு நெனப்பிருக்கா? காலி ரோட்டுல எதுக்கு பொசுக்கு பொசுக்குனு பிரேக் அடிக்கறீங்க?

— பிரேக்கா? நான் எங்கடி அடிச்சேன் கயலு?

— யம்மாடி, அப்ப ரெண்டு செகப்பு லைட்டும் தானா எரியுதா? ஸ்பீடு எடுக்கறீங்க, பட்டுனு எரியுது. மறுபடி எடுக்கறீங்க, மறுபடி எரியுது. ரெண்டு தடவ வந்து இடிக்கப் பாத்தேன்.

— அக்கா, இரு. ஸ்பீடு எடுக்கறப்பவா எரியுது? நெசமாவா?

— ஆமான்றேன்.

— அடச்சே! புடிச்சிட்டேன் மாமா. பிரேக்குல கால் பட்டா மேல் கியருக்கு ஏறாதன்னு நான்தான் கம்ப்யூட்டர்ல எழுதி வச்சேன். மழ ரோட்டுல வழுக்கக் கூடாதேன்னு. பிரேக் சுச்சு லூசா இருக்கும், தானா எரியுது. அவ்ளோதான் மேட்டரு. அக்கா, நீ பின்னாடி நின்னு லைட்ட பாரு, நான் கீழ குனிஞ்சு சுச்ச தட்டுறேன். எரியுதா?

— இல்லடா.

— வண்டியவே குலுக்கறேன். இப்ப?

— இல்ல.

— பெடல கையால அமுக்கறேன்.

— ஆங், இப்ப எரியுது.

— சுச்சு நல்லாத்தான் இருக்கு மாமா. பெடல அமுக்குனாத்தான் எரியுது.

— அப்ப பேய் வந்து மிதிக்குதா?

— தெரியல. ரேஸுக்கு ஓடற மாதிரி பிரேக்குக்கும் ஒரு கிராஃப் கோடு லேப்டாப்புல போட்டுட்டேன். நீ எப்பயும் போல ஓட்டு, நான் கோட்டப் பாக்கறேன். அக்கா, தள்ளியே வா.

— ரைட்டு, போலாம். ஒண்ணாவது... ரெண்டாவது... தா, கத்த ஆரம்பிச்சிருச்சு. டர்போ கூவுது கேக்குதா? இப்ப மூணாவதுக்கு ஏறணும். ஏறுதா? எங்க ஏறுது!

— நிறுத்து மாமா.

— என்னாடா? எஞ்சின் போச்சா?

— ஓரங்கட்டு மாமா, மொதல்ல ஓரங்கட்டு.

— நிறுத்திட்டேன். சொல்லித் தொலடா, என்னா ஆச்சு?

— ரேஸ்லேர்ந்து நீ கால எடுக்கவே இல்ல. அந்தக் கோடு அப்படியே மேல நிக்குது. அதே நேரத்துல பிரேக் கோடும் எழும்புது. ரெண்டு பெடலையும் ஒண்ணா மிதிச்சிருக்க. வலது கால் ரேஸ்ல இருக்கு மாமா. பிரேக்க மிதிச்சது எது?

— என்னா சொல்ல வர?

— நீதான் சொல்லணும்.

— கேக்கறத நேரா கேளு.

— கேக்கறேன். இத்தன வருசமா எங்கள ஏமாத்துனியா? அக்கா முந்திரிக் கொட்டை ஒடைச்சு ஒடைச்சு, அந்த எண்ணெயில கை வெந்து மரத்துக் கெடக்குது. அந்தக் கையாலதான் ஒன்ன தூக்கி ஒக்கார வச்சா, குளிப்பாட்டுனா. அதெல்லாம் பாத்துக்கிட்டே நடிச்சியா மாமா?

— டேய்! யாரப் பாத்து நடிப்புன்ற? கால்ல ஊசி ஏத்துனா, வெந்நி ஊத்துனா, ஒரு சொரணை இருந்துச்சா? எடுறா அந்த லேப்டாப்ப, ரோட்டுல போட்டு ஒடைக்கறேன்!

— என்னா ரெண்டு பேரும் இப்படி கத்துறீங்க? லாரிக்காரன்லாம் எட்டிப் பாத்துட்டுப் போறான்.

— ஒந்தம்பிய கேளு கயலு. என் கால் நல்லாருக்காம். வேலைக்குப் போவாம நடிக்கறனாம்.

— என்னாடா பேசற செம்பியா?

— கோட்டுல தெரியுதுக்கா. எனக்கு மட்டும் சந்தோசமா?

— அந்தக் கால தெனம் தேய்ச்சு வுடறவ நானு. கட்டை மாதிரி கெடக்கும். தூக்கத்துலகூட அசைஞ்சது கெடயாது. அவுரு பொய் சொல்லலடா.

— அப்ப இது எப்படிக்கா?

— ஏங்க, கோவத்த வுடுங்க. நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. பஸ்ஸுல மூணாவது எப்படிப் போடுவீங்க?

— இது ஒரு கேள்வியா? எஞ்சின் கத்தும், கிளட்ச்ச மிதிச்சு... கிளட்ச்ச...

— எந்தக் கால்ல மிதிப்பீங்க?

— எடது கால்ல.

— மாமா... கிளட்ச் பெடல கழட்டிட்டு, பிரேக் பெடலத்தான் அந்த எடம் வரைக்கும் அகலமா பண்ணி வச்சிருக்கேன்.

— சும்மா இருடா. என் கால் மிதிச்சா எனக்குத் தெரியாதா?

— நரம்புக்கு மறுபடி உசுரு வந்தாலும் வரும், வுடாம பயிற்சி பண்ணுங்கன்னு டாக்டர் சொன்னாரு. நீங்கதான் வெறுத்துப் போயி வேணாம்னுட்டீங்க. கதவ நல்லா தொறங்க.

— எதுக்குடி கீழ ஒக்கார்ற? என்னா பண்ற கயலு?

— பெடலுக்கும் ஒங்க பாதத்துக்கும் நடுவுல என் கைய வைக்கறேன். செம்பியா, கியர நியூட்ரல்ல போட்டு ஹேண்ட் பிரேக்க இழு.

— போட்டாச்சுக்கா.

— இப்ப மிதிங்க.

— மிதிக்கறேன்... வரலடி. பாத்தியா? துளி அசையல. அந்த கம்ப்யூட்டர்தான் பைத்தியம்.

— வேணும்னு மிதிக்காதீங்க. கால மறந்துட்டு கண்ண மூடுங்க. பஸ்ஸுல ஒக்காந்திருக்கீங்க. ரேஸ் குடுங்க.

— வெளயாடாத கயலு. பயமா இருக்கு எனக்கு.

— எனக்கும்தான் பயமா இருக்கு. குடுங்கன்றேன். சிதம்பரம், சிதம்பரம், சிதம்பரம்! ஆலப்பாக்கம் நிக்காது! உள்ள போம்மா, படியில நிக்காத! போலாம், ரைட்!

— ...ரைட்டு.

— மாமா, பின்னாடி நம்ம போட்டி பஸ்ஸு! ஆரன் அடிச்சுக்கிட்டே வரான், முந்தப் பாக்கறான்!

— எவன் அவன்? வெள்ளாத்துப் பாலம் வரைக்கும் என்ன முந்திருவானா? வுட்டுருவனா நானு? எஞ்சின் கத்துது பாரு, இன்னுங் கத்தட்டும், இப்ப போடறேன் மூணாவது...

— ஐயோ, கை!

— அக்கா! என்னாக்கா ஆச்சு?

— நசுங்குதுடா, மரத்த கை வலிக்குதுடா... ஏங்க, கால எடுத்துடாதீங்க, இன்னும் நல்லா மிதிங்க!