சம்பந்தத்தைக் குழப்பிய மீன்

பல்கலைக்கழகம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருந்தார்கள். இளையவர் சொன்னார்:

“பெடியன் மீன் பிடிச்சதாலதான் மகளின்ர சம்பந்தம் குழம்பினது, அக்கா.”

“என்ன கதை இது?”

“கோடை லீவுக்குப் பெடியனையும் கூட்டிக்கொண்டு போய் ஏரியில வாடகைக்கு போட் எடுத்தனாங்கள். என்ர மனுசனுக்கு ஒரு மீனும் படேல்லை. பெடியன் தூண்டில் போடப் போட ட்ரவுட் மீன் ஏறுது. இவருக்குச் சந்தேகம் வந்திட்டுது. ஊரில விசாரிச்சம். தகப்பன் கடலுக்குப் போற ஆளாம். எங்கட ஆக்கள் இல்லை.”

“பெடியன் இஞ்சினியர் எண்டனீர்.”

“ஓம். அதுக்கு?”

“அப்ப அந்த மீன்?”

“பிரீசரில கிடந்தது. போன கிழமைதான் குழம்பு வச்சன். நல்ல ருசி.”

“மகளும் சாப்பிட்டவளோ?”

“தட்டைத் தள்ளிப்போட்டு எழும்பினவள்தான். இன்னும் என்னோட கதைக்கேல்லை. ஒரு மீனுக்கு இவ்வளவு கோபமோ, அக்கா?”